திகதி பார்த்து வந்தவருக்கு

பக்கத்து வீட்டில் கொத்தமல்லி அவிக்கிறார்கள். இஞ்சி தட்டிப் போட்டிருப்பார்கள் போல, அந்தக் காரமும் சேர்ந்து ஜன்னல் வழியாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கட்டுகஸ்தோட்டையில் நான் வாடகைக்கு இருக்கும் மேல்மாடி அறையில் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த சட்டையை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். கொத்தமல்லி மணம் வந்தால் மற்றவர்களுக்கு அம்மா ஞாபகம் வரும். எனக்கு உங்கள் ஞாபகம் வருகிறது. இறங்கிப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "காய்ச்சல் யாருக்கு? எத்தனை நாளா?" என்று கேட்டால் என்னைப் பைத்தியம் என்பார்கள். போன மாதம் ஒரு தடவை கேட்டும்விட்டேன். தடிமன், வெறும் சளிதான் என்றார்கள்.

தாத்தா, உங்களை நான் இப்படிக் கூப்பிடத் தொடங்கியதே ஒரு கூத்து. மடவளையில் அக்காவைத் தாத்தா என்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணை அப்படிக் கூப்பிட நாவலப்பிட்டிக்காரியான எனக்கு வாய் வரவில்லை. "டொக்டர் எண்டா ஒங்களுக்கு, நோயாளி எண்டா எனக்கா பேர்? தாத்தா எண்டு கூப்பிடுங்க, நான் தங்கச்சி எண்டு கூப்பிடுற" என்று நீங்கள்தான் சட்டம் போட்டீர்கள். அதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தீர்கள். மற்ற டொக்டர்மார் நிற்கும்போது நான் "டொக்டர்". யாரும் இல்லாவிட்டால் "தங்கச்சி".

நான் அப்போது கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தநோய்ப் பிரிவில் வேலை செய்தேன். மொத்தம் எட்டு மாதம். அதற்குப் பிறகு நகருக்கு வெளியே இன்னோர் ஆஸ்பத்திரியின் பொது மருத்துவத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த எட்டு மாதத்தில் ஐந்து மாதம் நீங்கள் எங்கள் நோயாளி. கழுத்தில் கட்டி, லிம்போமா. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசி மருந்து ஏற்ற வேண்டும், இடையில் இரத்தம் பார்க்க கிளினிக்குக்கு வர வேண்டும். மடவளையில் வீட்டு முன் அறையில் இரண்டு தையல் மெசின் போட்டு ஸ்கூல் யூனிபோம் தைத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். காலை ஓட்டத்தை முடித்துக்கொண்டு வந்து வார்ட்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நிற்பார். நான் எதைக் கேட்டாலும், "அவகிட்டக் கேளுங்க டொக்டர்" என்று உங்கள் பக்கம் கையைக் காட்டுவார்.

மருந்துகளுக்கு எல்லாம் நீங்கள் பட்டப்பெயர் வைத்தீர்கள். சிவப்பாக ஒன்று ஏற்றுவோமே, அது கடைக் குளிர்பானம் மாதிரி "பலூடா". நர்ஸ் அதைக் கொண்டுவரும்போதே, "பலூடா வருது, ஐஸ்கிறீம் போடல்லையா?" என்று கேட்பீர்கள். அந்த வரிசையில் ஊசியோடு கிடந்த ஏழு பேரும் சிரிப்பார்கள். சிங்களப் பெண்களுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போய், கடைசியில் நர்ஸே "பலூடா இவருக்கா?" என்று கேட்கத் தொடங்கினார். தலைமுடி கொட்டியபோது, "முக்காட்டுக்கு உள்ளுக்கு என்ன ஈக்கி எண்டு ஆருக்குத் தெரியும் தங்கச்சி, ஷாம்பு மிச்சம்" என்றீர்கள். அன்று என் கோட்டில் ஒரு பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. உங்களால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. இடது கையில் ஊசி மருந்து இறங்கிக்கொண்டிருக்க, கைப்பையில் இருந்து நூலை எடுத்து, என்னைக் குனியச் சொல்லி, வலது கையாலேயே தைத்துவிட்டீர்கள். நான் நோயாளிக்கு முன்னால் குனிந்து நிற்பதைப் பார்த்து எங்கள் பெரிய டொக்டர் அப்படியே திரும்பிப் போனார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வளைத்துப் பேச வராது, உங்களுக்குத் தெரியும்.

போன வருடம் வெளிநாட்டில் ஒரு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தேன். இரத்தநோயும் புற்றுநோயும் சேர்ந்த இரண்டு வருடப் பயிற்சி. என்னோடு படித்த தோழி ஒருத்தி, யாழ்ப்பாணத்துக்காரி, அதே துறையில் ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கிறாள். அவளுக்கு என் விவரங்களை அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: "உம்மட்ட அனுபவம் காணாது. எட்டு மாசம் எண்டால் அவையள் சிரிப்பினம். ஆனா வாசிச்சுக் கொண்டு போனீர் எண்டால் பார்க்கலாம்." அவள் எப்போதும் அப்படித்தான், நெஞ்சில் ஒன்று முகத்தில் ஒன்று கிடையாது.

வாசித்தேன். பொது மருத்துவ வார்ட் முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, பிறகு புத்தகம். வார்ட்டில் இப்போது எனக்கு வருவது டெங்கு, சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம். லுக்கேமியா ஒன்று வந்தால் அன்றைக்கே கண்டி நகருக்கு அனுப்பிவிடுவோம். ஆகவே நான் படித்ததைச் செய்து பார்க்க ஆள் இல்லை. விடுமுறை நாட்களில் பழைய பிரிவுக்குப் போய், அங்கிருந்த ஆய்வுகூடத்தில் கெஞ்சி, பழைய கண்ணாடித் தட்டுகளை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். முதல் நாட்களில் எல்லா அணுவும் ஒரே மாதிரித் தெரிந்தது. கழுத்து வலிதான் மிச்சம். ஆறாவது வாரம் போல ஒன்றிரண்டு பிடிபடத் தொடங்கியது. முப்பத்து நான்கு வயதில் எழுத்துக் கூட்டி வாசிக்கிற மாதிரி இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

விண்ணப்பத்தில் ஒரு பக்கம் இருந்தது. உங்கள் வேலை முறையை மாற்றிய ஒரு நோயாளியைப் பற்றி எழுதுங்கள். அதை வாசித்த கையோடு உங்கள் முகம்தான் வந்தது. கணினியை மூடிவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன்.

தோழி சொன்னாள்: "நல்லா முடிஞ்ச கதை ஒண்டை எழுதும். உம்மட்ட இருக்கிறதே கொஞ்சம். அதில திறமானதை எடுத்து முன்னுக்கு வையும்." எனக்கும் அதுதான் வசதி. கடுகண்ணாவையில் இருந்து வந்த ஓர் இளைஞனைப் பற்றி எழுதினேன். லுக்கேமியா, சிகிச்சை, சுகம், இப்போது வேலைக்குப் போகிறான். அத்தனையும் உண்மை. ஆனால் அவனைச் சுகப்படுத்தியது நான் இல்லை. நான் அவனுக்குப் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால் பல்பசை விளம்பரம் மாதிரி இருந்தது. இருந்தாலும் அதைத் திருத்தித் திருத்தி மூன்று வாரம் வைத்துக்கொண்டிருந்தேன். அனுப்பவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை.

ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதுவரை நான் வாய் திறந்து உங்களிடம் சொன்னதும் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

அது பெரஹர வாரம், தலதா மாளிகை யானை ஊர்வலம் போகிற வாரம். கண்டியில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த வாரம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மத்தியானம் தாண்டினால் வீதியை மூடிவிடுவார்கள், பஸ் வெளியே எங்கேயாவது நின்றுவிடும். ஆகவே நாள் முழுக்க வருகிற சனம் எல்லாம் காலையிலேயே வந்து குவியும். அந்த வியாழக்கிழமை எங்களில் இரண்டு டொக்டர்மார் வரவில்லை. கிளினிக்கில் நான் தனி. பதினொரு மணிக்கு நான் இன்னும் தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. அப்போது நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தீர்கள்.

உங்கள் கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். உங்கள் திகதி அடுத்த செவ்வாய்க்கிழமை. என் கையால், என் எழுத்தில், கீழே கோடு போட்டு எழுதியிருந்தேன்.

"செவ்வாக்கிழம பெரஹர சனத்துல வர ஏலாது டொக்டர். அதோட தொண்டையும் கொஞ்சம் நோகுது, அதுதான்..." என்று தொடங்கினீர்கள்.

நான் முடிக்க விடவில்லை. "திகதி எழுதிக் குடுத்திருக்குதானே? வாசிக்கத் தெரியும்தானே? நீங்களே இப்படி நினைச்ச நாளைக்கு வந்தா மத்தவங்க என்ன செய்வாங்க? இனிமே திகதிக்கு வாங்க. திகதிக்கு மட்டும் வாங்க."

நான் ஏசுகிற ஆள்தான், தாத்தா. எங்கள் அப்பா நாவலப்பிட்டி ஸ்டேஷனில் வேலை செய்தவர். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கே நேர அட்டவணை இருந்தது, ஐந்து நிமிடம் பிந்தினால் அம்மா கூட அப்பாவைக் கண்ணால் கேட்டுவிட்டுத்தான் சோறு போடுவார். அந்தக் குணம் என் இரத்தத்தில் இருக்கிறது. அதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தேன் என்று சொல்கிறேன்.

ஏசிவிட்டு உங்கள் தொண்டையைப் பார்த்தேன். காய்ச்சல் பார்த்தேன், இல்லை. இரத்தமும் எடுத்தேன், குறை ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியதை எல்லாம் செய்திருக்கிறேன். இன்றைக்கு யாராவது உங்கள் கொப்பியை எடுத்துப் புரட்டினால் அந்தப் பக்கத்தில் என் பிழை ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. ஏச்சைக் கொப்பியில் எழுதுவதில்லைதானே. "சரி டொக்டர்" என்று கொப்பியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனீர்கள். அப்போது அறையில் வேறு டொக்டர்மார் யாரும் இல்லை. இருந்தும் "தங்கச்சி" என்று சொல்லவில்லை. அது எனக்கு விளங்கியது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டேன்.

உங்களுக்கு முதல் ஊசி போட்ட அன்று நானே உட்கார்ந்து படித்துப் படித்துச் சொன்னேன். ஊசி போட்டு இரண்டாம் வாரம் உடம்பில் எதிர்க்கிற சக்தி அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், அப்போது காய்ச்சல் வந்தால் ஒரு மணித்தியாலம் கூடப் பிந்தக்கூடாது, எந்த நாள், எந்த நேரம் என்றாலும் வாங்க. தலையாட்டிக் கேட்டீர்கள். அது ஒரு டொக்டர் எல்லோருக்கும் சொல்கிற புத்திமதி. வியாழக்கிழமை சொன்னது உங்களுக்கு மட்டும் விழுந்த ஏச்சு. எது மனதில் நிற்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏச்சுதான் நிற்கும். எனக்கும் அப்படித்தான்.

பிறகு அடுத்த ஊசி போட்டோம். அன்றைக்குச் சரியாகத்தான் பேசினீர்கள், பலூடாவும் கேட்டீர்கள். நான் மன்னிப்புக் கேட்க நினைத்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். கிளினிக் திகதியை இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமைக்கு எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் வரும்போது வாசலில் நீள வாங்கில் உட்கார்ந்திருந்தீர்கள். கையில் இலக்கத் துண்டு, முப்பத்தேழு. வழக்கமாகச் சுவரோடு நிற்கும் உங்கள் கணவர் அன்றைக்கு உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தீர்கள்.

"இண்டக்கித் திகதிக்கே வந்தீக்கி, தங்கச்சி. ஏச ஏலா."

நானும் சிரித்துக்கொண்டு உங்கள் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. உதடு வெளுத்திருந்தது. எப்போதிருந்து என்று கேட்டேன். "சனிக்கிழம பின்னேரம் அசருக்குப் பொறகு ஒடம்பு கொஞ்சம் காஞ்சிச்சி. கொத்தமல்லி அவிச்சிக் குடிச்ச, ரெண்டு பெனடோல் போட்ட. செவ்வாக்கிழம எப்பிடியும் வாறதானே எண்டு..." சனி, ஞாயிறு, திங்கள். நான் வாசலிலேயே கத்தினேன், தள்ளுவண்டி கொண்டுவரச் சொல்லி. முப்பத்தாறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் இலக்கம் கேட்கவில்லை.

செய்ய வேண்டிய எல்லாம் செய்தோம். மருந்து, சேலைன், தீவிர சிகிச்சைப் பிரிவு. மூன்று நாள் பிந்திவிட்டது. புதன்கிழமை மத்தியானம் லுஹர் பாங்கு சொல்வதற்கு முன் நீங்கள் போய்விட்டீர்கள்.

அன்றைக்கே அடக்க வேண்டும் என்று உங்கள் ஆட்கள் கீழே காத்திருந்தார்கள். நான் ஓடி ஓடிப் படிவங்களை நிரப்பிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அசருக்கு முன் ஊருக்குக் கொண்டுபோக முடிந்தது. போகும்போது உங்கள் கணவர் என்னிடம் வந்து, "மிச்சம் நன்றி டொக்டர். நேரத்துக்குச் செஞ்சி தந்தீங்க" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே விழுந்து அழ வேண்டும் போல் இருந்தது. அழவில்லை. மத்தியான கிளினிக் மிச்சம் இருந்தது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கும் சொல்லி அனுப்பினார். வேலை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். வேலை ஒன்றும் இருக்கவில்லை. லீவில் அறையில் படுத்திருந்தேன்.

இதைத்தான் அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். ஆனால் உங்கள் வீட்டாருக்குத் தெரியாத ஒன்றை முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களுக்கு எழுதி, அதைக் காட்டி ஓர் இடம் பிடிப்பதா? அது மனசாட்சிக்கு ஒத்துவரவில்லை. விண்ணப்பத்தின் கடைசித் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, மடவளை பஸ்ஸில் ஏறினேன். பள்ளிவாசலைத் தாண்டி இறங்கி, தையல் தாத்தா வீடு எது என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்குப் பிறகும் எல்லோரும் கையைக் காட்டினார்கள்.

உங்கள் கணவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழாயை மூடிவிட்டு, "வாங்க டொக்டர்" என்றார். முன் அறையில் ஒரு மெசின் இருந்தது. மற்றதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். தேத்தண்ணி போட்டு அவரே கொண்டுவந்தார். நான் கோப்பையைத் தொடாமலேயே தொடங்கினேன். தொட்டால் சொல்ல முடியாமல் போய்விடும். நீங்கள் தாத்தா என்றால் அவர் எனக்கு நானா, அண்ணன்.

"நானா, அவங்க சனிக்கிழமையே ஆஸ்பத்திரிக்கு வராததுக்குக் காரணம் நான்."

"தெரியும்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்த வியாழக்கிழம வீட்டுக்கு வந்து அவ சென்ன. டொக்டர் ஏசின எண்டு. சிரிச்சிக்கிட்டுத்தான் சென்ன. பெரஹர சனம், அந்தப் புள்ள தனியா நிக்கிது, என்னத்தச் செய்ற எண்டு. அவக்கி ஒங்கட மேல கோவம் இல்ல." தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "எனக்குக் கோவம் ஈந்திச்சி. இப்பவும் ஈக்கி."

"அப்ப ஏன் எனக்கு நன்றி சொன்னீங்க?"

"மய்யித்த அடக்க நேரத்துக்குத் தந்தீங்க. அது வேற, இது வேற."

நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். அவர் தடுக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. பிறகு அவரே சொன்னார்: "சனிக்கிழம நான் வேன எடுத்த. வா போவோம் எண்டு செல்லி. அவ வேணாம், செவ்வாக்கிழம திகதி, சும்மா போய் ஏச்சு வாங்க ஏலா எண்டு. நான் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயீக்கணும். போகல்ல. ஒங்கட மேல உள்ள கோவம் பாதி. மத்தப் பாதி என்ட மேல."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். பெயர் போட மாட்டேன், ஊர் போட மாட்டேன், வேண்டாம் என்றால் எழுதவே மாட்டேன் என்றேன். அவர் யோசித்தார். ஒரு பக்கம் எழுதி இடம் பிடிக்கிற விஷயம் அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். எனக்கே அது சரியாகப் பிடிபட்டதில்லை.

"எழுதுங்க" என்றார். "ஆனா நல்ல புள்ள மாதிரி எழுத வேணாம். ஏசினத ஏசின மாதிரியே எழுதுங்க."

வந்து கடுகண்ணாவைப் பையனை அழித்தேன். உங்களை எழுதினேன். ஆங்கிலத்தில் அந்த ஏச்சை எழுதப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆங்கிலத்தில் எழுதினால் எல்லா ஏச்சும் கொஞ்சம் மரியாதையாக மாறிவிடுகிறது. நாலு தடவை திருத்தினேன், மரியாதையைக் குறைப்பதற்காக. தோழிக்கு அனுப்பியதும் அழைப்பே எடுத்துவிட்டாள். "உமக்கு விசரா, பைத்தியமா? அனுபவம் காணாது எண்டு அவையளுக்குத் தெரியாதோ? நீர் சாட்சியும் சேர்த்துக் குடுக்கிறீர்." அவள் சொன்னதில் பிழை இல்லை. அனுப்பிவிட்டேன்.

நேர்முகம் கணினி வழியாக. ஒரு திங்கட்கிழமை மாலை, மழை, மின்சாரம் போய்விடுமோ என்ற பயம் வேறு. திரையில் மூன்று பேர். முதலில் அணுக்களைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு படத்தைக் காட்டி என்ன என்றார்கள். சொன்னேன். அடுத்த படத்துக்கு, தெரியவில்லை என்றேன். பிறகு நடுவில் இருந்த பெண் டொக்டர், வயதானவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: மற்ற விண்ணப்பதாரர்களிடம் மூன்று வருடம், நான்கு வருடம் அனுபவம் இருக்கிறது. உங்களிடம் எட்டு மாதம். அதிலும் நீங்கள் எழுதியிருப்பது நீங்கள் இழந்த நோயாளியைப் பற்றி. ஏன்?

மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அது வரவில்லை. அனுபவம் குறைவுதான் என்றேன். எட்டு மாதத்தில் எனக்கு முழுசாக விளங்கியது ஒன்றே ஒன்று. மருந்தை நான் எவ்வளவு சரியாகக் கொடுத்தாலும், வாசலில் எந்த முகத்தோடு நிற்கிறேனோ அதைப் பார்த்துத்தான் அவர்கள் அடுத்த தடவை வருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் அது இன்னொருவருடைய வேலையாக இருக்கும் என்றேன்.

அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள் என்று ஓரத்தில் இருந்தவர் கேட்டார். என்னிடம் வருகிற எல்லோருடைய கொப்பியிலும், முதல் பக்கத்தில், சிவப்புப் பேனாவால் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுகிறேன் என்றேன். காய்ச்சல் என்றால் திகதி பார்க்க வேண்டாம். யாராவது ஏசினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். கீழே என் பெயர். அதனால் பலன் இருக்கிறதா என்று கேட்டார். கணக்கு எடுக்கவில்லை, ஆனால் திகதி இல்லாத நாளில் ஆட்கள் வருகிறார்கள், அதிகம் பேருக்கு ஒன்றும் இருப்பதில்லை, நர்ஸ்மார் என்னைத் திட்டுகிறார்கள் என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. எடுத்துவிட்டார்கள், தாத்தா. தோழிக்குச் சொன்னேன். "அப்ப அவையளுக்கும் விசர்தான். சரி, குளிர் உடுப்போட வாரும்" என்றாள். அப்பா நாவலப்பிட்டியில் இருந்து போன் எடுத்து, விமானம் எத்தனை மணிக்கு, எத்தனை மணித்தியாலத்துக்கு முன் போக வேண்டும் என்று கேட்டார். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது அப்பா என்றேன்.

பிறகு உங்கள் கணவருக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லம்" என்றார். வேன் சத்தம் கேட்டது, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார் போல. வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். "டொக்டர்" என்று கூப்பிட்டார். "அங்கயும் சனம் கூடத்தான் ஈக்கும்."

"ஓம் நானா, கூடத்தான் இருக்கும்" என்றேன்.

நேற்றும் ஒருவர் திகதி மாறி வந்தார். தோட்டத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். வார்ட்டில் கட்டில் இல்லை, நான் காலையில் இருந்து நின்றுகொண்டிருந்தேன். கொப்பியைப் பார்த்தேன், திகதி அடுத்த சனிக்கிழமை. "ஏன் இன்னைக்கு வந்தீங்க" என்ற கேள்வி தொண்டையைத் தாண்டி வாய்க்கே வந்துவிட்டது, அதே சுருதியில், அதே எரிச்சலோடு. இரண்டு வருடம் கழித்தும். எனக்குள் இருந்து அது போய்விட்டதா என்று நேர்முகத்தில் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். போகவில்லை, தாத்தா. உங்களைக் கொண்டுபோகிற இடத்துக்கெல்லாம் அந்த வாயையும் கொண்டுதான் போகப்போகிறேன். அதை மூடிக்கொண்டு அவர் நெற்றியில் கையை வைத்தேன். காய்ச்சல் இல்லை. சும்மா இருமல். அவர் பயந்துபோய், "திகதிக்கு வரவா டொக்டர்?" என்று எழுந்தார்.

"இல்ல, வந்தது நல்லது. இருங்க" என்றேன்.